கம்பத்துக்குப் போய்ச் சேராத தண்ணீர்

தர்மகர்த்தாவே, நீங்கள் நன்றி கெட்டவர்.

ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்பவள் நான். தஞ்சாவூர்ப் பக்கம் அடித்து விரட்டியதால் சங்ககிரிக்குப் பிழைக்க வந்தேன். உங்கள் மகளுக்கு அம்மை போட்டபோது உறவுக்காரர் ஒருவரும் கிட்டே வரவில்லை. நான்தான் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறினேன். "நீ எங்கூட்டுப் பொண்ணு அம்மணி" என்றீர்கள். அதை நம்பியதுதான் என் தவறு.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்களோடு நானும் குடத்துடன் நின்றேன்.

"பொம்பளைக ஊத்தற எடத்துல உனக்கென்னடா சோலி?" என்று குடத்தை உதைத்தீர்கள்.

"அக்காளும் ஊத்தட்டுமுங்கப்பா" என்றாள் உங்கள் மகள், முகமெல்லாம் தழும்போடு. அவளையும் அதட்டினீர்கள்.

உங்கள் வீட்டுக்குள் பெண்ணாக இருந்த நான் கோயில் வாசலில் எப்படி ஆணானேன்? ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.