திரை முழுக்க ஒரு கை

டிவி தொடர்களில் கதாநாயகி கடிதம் பிரிப்பாள், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், கோபம் வந்தால் கோப்பையை இறுக்கிப் பிடிப்பாள். முகம் அவளுடையது. கை மட்டும் கையக்காவுடையது; செட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பதினாறு வருடத்தில் கேமரா கையக்காவின் மணிக்கட்டைத் தாண்டியதே இல்லை. நான் மேக்கப்காரன். அந்தக் கைகளுக்குப் பவுடர் பூசியே என் பாதி ஆயுசு போய்விட்டது.

கைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். சோப்பு படக் கூடாது, அடுப்புச் சூடு ஆகாது. வீட்டில் பாத்திரம், துணி எல்லாம் மகள் பாடு.

இந்த வருடம் புது கேமரா வந்தது. பாழாய்ப்போன கேமரா. ஒரு விரல் நுனியே திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் எவ்வளவு பூசினாலும் சுருக்கம் எட்டிப் பார்த்தது. ஏழு டேக் போனது.

இயக்குநர் எழுந்து வந்தார். "கையக்கா, ஹீரோயினுக்கு இருபத்தஞ்சு வயசு. இது அவ மாமியார் கை மாதிரி இருக்கு." அவள் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ, "உங்க பொண்ணுக்கு உங்க ஜாடைதானே? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "வேலை வீட்டை விட்டுப் போகலப்பா" என்று என்னிடம் களைப்போடு சிரித்தாள்.

மறுநாள் மகள் வந்தாள். அம்மாவின் அதே நீண்ட விரல்கள். பவுடர் போட்டேன், வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் மேலே இன்னொரு பூச்சு பூசினேன்.

கேமரா நெருங்கியது. வெடித்த விரல் முட்டிகள், கறுத்த நகக்கண், கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. எல்லாம் மானிட்டர் முழுக்க.

"அம்மா கையே தேவலாம்போல!" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், வெட்கக்கேடு.

"பாத்திரம் தேய்க்கிற கை சார், அப்படித்தான் இருக்கும்" என்று மகளும் சிரித்தாள்.

"சரி, வேற ஆள் பார்த்துக்கலாம்."

கையக்கா மட்டும் மானிட்டரை விட்டு நகரவில்லை. ஒரே வீட்டில் தினமும் அவளுக்குச் சோறு போட்ட கை அது. இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்க்கிறாள்.

ஸ்டுடியோ வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே பாத்திரம் நான் தேய்க்கிறேன்டி" என்றாள்.

மகள் மெல்லக் கையை விடுவித்து, அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப எதுக்கும்மா? எனக்குத்தான் மரத்துப் போச்சே."