நடந்து வந்த கீபோர்ட் ஸ்டாண்ட்

1. மூன்றாம் முறை

மன்னார் டவுனில் ஒரு இசைக்கருவிக் கடையில் பல வருடம் வேலை செய்தேன். கீபோர்ட் வாங்குபவர்களுக்கு ஸ்டாண்ட் பூட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் ஒரு ஸ்டாண்ட் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வாசிக்கும் ஜெசிந்தா அக்கா.

"தம்பி, உந்த ஸ்டாண்ட் நடக்குது."

"நடக்குதோ?"

"ஓம். வருகைப் பாட்டில தள்ளி நிக்குது. காணிக்கைப் பாட்டுக்குள்ள என்ர வயித்தில வந்து முட்டுது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிச் சுவரோட சாஞ்சிட்டன். மணிக்கட்டு விண் விண்ணெண்டு குத்துது. திருவிழாப் பூசையிலயும் இப்பிடியெண்டா பாதர் சீடி போடப்போறாராம். பிறகு நான் என்னத்துக்கு?"

முதல் முறை நட்டுகளை இறுக்கினேன். இரண்டாம் முறை காலுக்குப் புது ரப்பர் போட்டேன். இந்த முறை, கத்தரிக்கோல்போல் மடியும் குறுக்குக் கால் ஸ்டாண்டை உயர்த்தினால் கால்கள் ஒடுங்கி ஆடும் என்று, உயரம் குறைத்துக் கால்களை அகட்டியும் வைத்தேன். முழங்கை மடங்கும் உயரத்தில் கீ, நேராக மணிக்கட்டு, எல்லாம் சரி. கடையில் அக்கா வாசித்துப் பார்த்தார். ஸ்டாண்ட் ஆணி அடித்ததுபோல் நின்றது.

முதலாளி என்னைப் பார்த்தார். "பேய் பிடிச்ச ஸ்டாண்டோ? நீ தானே பூட்டினனீ?"

நாலு கால் ஸ்டாண்ட் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அதுவும் நடந்ததாம்! கோயில் தரைதான் சரிவோ என்று மட்டப்பலகை கொண்டுபோய் வைத்தேன். தரையில் ஒரு குறையும் இல்லை. பைத்தியம் பிடிக்காத குறை.

2. ஒத்திகை

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். அக்கா தனியே வாசித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. குழு பாடத் தொடங்கியது. அக்காவின் வலக்கை கீயில் ஓடியது. இடக்கை மெல்ல எழும்பி, கீபோர்ட்டின் பின்பக்கம் போய், அதைத் தன் பக்கம் அமுக்கியது. விட்டது. திரும்ப அமுக்கியது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஸ்டாண்ட் ஒரு நூல் முன்னே வந்தது.

அக்கா இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். இல்லாத துருத்திக்கு அந்தக் கை காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழுவினர் நெடுகப் பார்த்த கைதானே, ஒருவருக்கும் புதினமாகத் தெரியவில்லை.

சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நானோ தள்ளினனான்? இவ்வளவு நாளும் உங்களையெல்லே பேசினனான்." இடக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "சனம் பாடேக்குள்ள கை சும்மா இருக்குதில்லை தம்பி" என்றார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. மூன்று முறையும் இரும்பைப் பார்த்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

அந்தக் கையைத் திருத்த மூன்று நாள் போதாது. நீளமான பலகை ஒன்று எடுத்து, ஸ்டாண்டின் கால்களை அதில் ஒரு பக்கம் பூட்டினேன். மறுபக்கம், கை வசதியாக எட்டும் தூரத்தில் அக்காவின் கதிரையை ஏற்றிப் பூட்டினேன். இனி அவர் பாரமே ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளும்.

திருவிழாப் பூசை முடியும்வரை இடக்கை அமுக்கியபடியே இருந்தது. ஸ்டாண்ட் அசையவில்லை. பூசை முடிந்ததும் பாதர் வந்தார்.

"புது ஸ்டாண்டோ?"

"இல்லை பாதர், அதே தான்" என்றார் அக்கா. "என்னையும் சேர்த்துப் பூட்டிப்போட்டார்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உயரம் அளக்க முதல் ஆளை ஒரு பாட்டு வாசிக்கவிடுங்கள், பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து பாடட்டும். அப்போது வாசிக்காத கையைப் பாருங்கள்.