பெண்கள் பக்கத்துக் கதவு

ஏரலில் எப்சியைத் தெரியாத பெண்கள் கிடையாது. ராஜராஜேஸ்வரி டாக்கீஸில் பெண்கள் பக்கத்து வாசலில் இருபத்தேழு வருடம் டிக்கெட் கிழித்தவள். கைப்பிள்ளையோடு வருகிறவளுக்கு மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துக் கொடுப்பாள். ஓசியில் நுழையப் பார்ப்பவள் சொந்த மதினியே ஆனாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள். எப்சியின் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பார்கள்.

அந்த வாய் ஒரே ஒரு நாள் திறக்காமல் போனது. அதற்காகத்தான் இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறாள்.

படம் தொடங்கியதும் பெண்கள் பக்கத்துக் கதவை உள்ளே பூட்டிவிட வேண்டும். அது பழைய முதலாளியின் சட்டம். திறந்து கிடந்தால் உள்ளே இருப்பவள் வெளியே நிற்பவளை ஓசியில் இழுத்துக்கொள்வாளாம். நூறு மனுஷிகளின் உயிரைவிட நாலு டிக்கெட் பெரிதாகப் போயிற்று அந்த மகராசனுக்கு. ஒரு தீபாவளி மேட்னியில் மின்விசிறி வயர் கருகிப் புகை வந்தது. சாவி எப்சியின் இடுப்பில் இருந்தது. "ரீல் முடியட்டும், தொறக்காத" என்றார் முதலாளி. எப்சியும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நின்றது இரண்டு நிமிடம்தான். அதற்குள் கூட்டம் கதவில் வந்து மோதிவிட்டது. யாரும் சாகவில்லை. அடியில் விழுந்த சபீதாவுக்கு மட்டும் இடுப்பெலும்பு உடைந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று வெள்ளத்தில் ஆற்றுச் சேறு திரைவரை ஏறி, டாக்கீஸ் பாழாய்க் கிடந்தது. பழைய முதலாளியின் பேரன் குமரகுருபரன் பெங்களூரிலிருந்து வந்து, தாத்தா காலத்தில் இருந்தபடியே ஆக்கிக் காட்டுகிறேன் என்று வேலையைத் தொடங்கினான்.

எப்சி போய்ப் பார்த்த அன்று, பெண்கள் பக்கத்துக் கதவுக்கு வெளியே கொத்தனார் பாபநாசம் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். உள்ளே தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போட்டு, பழைய பூட்டையும் துடைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்ன தம்பி இது?"

"ஏசி காத்து வெளிய போயிரும்லா எப்சியக்கா. பார்வைக்குக் கதவு அப்படியே இருக்கும். போக வர முன்வாசல் இருக்குல்லா."

"முந்நூறு பேருக்கு ஒத்த வாசலா? செத்த கதவுக்கு எதுக்குய்யா பாலிஷு?"

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் காபி கொடுத்தான். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, காதுதான் கேட்கவில்லை. நான்காவது தடவை அவனே வீடு தேடி வந்தான். திறப்பு விழாவில் அவளுக்குப் பொன்னாடையாம். பழைய சாவியோடு அந்தக் கதவருகே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். என் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்க்கிறானே என்று எப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், "வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் சபீதா உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை போர்த்த வந்த கையை எப்சி விலக்கினாள். சாவியைப் பூட்டில் விட்டுத் திருகி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

செங்கல் சுவர். பூசக்கூட இல்லை.

"எல்லாரும் நல்லா பாத்துக்கிடுங்க. தீப்பிடிச்சா நாம இதுலதான் போய் முட்டணும்."

குமரகுருபரனுக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, விழா முடியட்டும். பொறவு பேசுவோம்."

சபீதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்க தாத்தாவும் முடியட்டும்னுதான் சொன்னாவ" என்றாள்.

சொல்லிவிட்டு முன்வாசலைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் ஒருத்தி எழுந்தாள், பிறகு நாலு பேர், பிறகு பெண்கள் எல்லாருமே. குமரகுருபரன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த கொத்தனாரைப் பார்த்தான்.

"பாபநாசம், கடப்பாரை எங்க இருக்கு?"

"வண்டியிலதான் கெடக்கு அண்ணாச்சி. கெட்டும்போதே தெரியும் எனக்கு."

முக்கால் மணி நேரத்தில் சுவர் விழுந்தது. புது நாற்காலியெல்லாம் செங்கல் தூசி. அந்தப் பூட்டையும் சாவியையுமாவது கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன் என்று குமரகுருபரன் கையை நீட்டினான். எப்சி இரண்டையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இங்கன கெடந்தா ஒருநா எவனாவது பூட்டுவான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். தெருவில் நின்ற சபீதாவைக் கைபிடித்து, அந்த வாசல் வழியாகவே உள்ளே கூட்டி வந்தாள்.