அங்கிள் கொடுத்த பத்து இலை

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, நோய் பிடித்த இரண்டு பப்பாளிக் கன்றுகளைப் பெயர்த்துக் கறுப்புப் பைகளில் வைத்ததுதான். பூச்சி வழியாக நோய் பரவாமல் கொசுவலை சுற்றினோம். மறுநாள் பெங்களூர் ஆய்வு நிலையத்துக்கு அவர் எடுத்துப்போவதாக இருந்தது.

அப்பா, கோதண்டராமன், அத்திபெலே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் பப்பாளி வைத்திருந்தார். போன வருடம் வைரஸ் வந்தது. இலை மஞ்சளாகி, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தது. ஒரே ஒரு மரம் தப்பியது.

அந்த வைரஸின் மரபணுத் தொகுதியைப் படிக்க ஆய்வு நிலையத்திலிருந்து டாக்டர் லாவண்யா வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. சேறாம்.

"பத்து இலை பறிச்சுக் குடுங்க அங்கிள்."

அப்பா கை கழுவிக்கொண்டு போய், தப்பிய மரத்தில் நல்ல இலைகளாகப் பறித்து, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். பையில் 'நோயுற்ற மரம்' என்ற சீட்டு முன்பே ஒட்டியிருந்தது.

இலையில் வைரஸ் இல்லை. எப்படி இருக்கும்? மரம் நோயை வென்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மரத்தின் மரபணுத் தொகுதியைப் படித்து, எதிர்ப்பு மரபணு ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். என் தொழிலும் மரபணு ஆராய்ச்சிதான். தேடுகிறவனுக்கு வேண்டியது கிடைக்கும். பழங்களை விதைக்கு எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு மேடையில் சால்வை போட்டார்கள்.

இந்த வருடம் அந்த மரமும் மஞ்சளானது. அதன் விதையில் அப்பா முளைக்கவைத்த இரண்டு கன்றுகளும்.

"அன்னிக்கு எந்த இலைப்பா குடுத்த?"

"நல்லதாப் பாத்துதான். வீடு தேடி வந்தவங்க கையில சொத்தையக் குடுப்பாங்களா?"

"அவங்களுக்குச் சொத்தைதான் வேணும்."

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? உன் ஆளுங்கதானே, படிச்சவங்க!"

லாவண்யாவுக்குப் போன் செய்தேன். "ரிசர்ச் பேப்பர் வெளிய வந்தாச்சு சார். இனிமே ரெக்கார்ட் மாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை ஆய்வு நிலையத்தில், அந்த மரத்து விதையில் வளர்த்த கன்றுகளை விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். பக்கத்து நிலத்து முனிகிருஷ்ணன் இந்த வருடம் ராகி போடவில்லை. முழு நிலத்துக்கும் கன்று கேட்டிருக்கிறார், அப்பாவின் சால்வையை நம்பி.

"அவன் என் மூஞ்சியப் பாத்துதான்டா வைக்கிறான்" என்றார் அப்பா. "நானே போறேன். இந்த ரெண்டு கன்னையும் அந்தம்மா டேபிள் மேல வெச்சிட்டு வரேன். அப்ப எந்த ரெக்கார்டைக் காட்டுறாங்கன்னு பாக்கலாம்."

விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

ஆய்வு நிலையம் மலர்வளையம் அனுப்பியது. அட்டையில் 'முன்னோடி விவசாயி' என்று இருந்தது. அவர் ஃபிட்டர். அதையும் யாரும் கேட்கவில்லை.

முனிகிருஷ்ணன் நிலத்தில் டிராக்டர் ஓடுகிறது. நாளை வெள்ளி. கன்றுகள் இன்னும் படிக்கட்டடியில், வலைக்குள்ளேயே இருக்கின்றன.