பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஸ்பிரிங்

நகரியில் அம்மா இருந்த வீட்டில், பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ஸ்பிரிங் தொங்குகிறது. துருப்பிடித்தது, ஒரு முனை முறிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், பால்காரர் உட்பட, அம்மா அதைக் காட்டாமல் அனுப்பமாட்டாள். "இந்தப் பாழாப்போன ஸ்பிரிங்குதான் எம் பொண்ண கவுத்துட்ச்சி. அந்த ஊர்க்காரனுங்க ஒழுங்கா மாட்டியிருந்தா மெடலு வாங்கிக்கினு வந்திருப்பா" என்பாள். உண்மையில் அந்த ஸ்பிரிங் எந்த வெளிநாட்டையும் பார்த்ததில்லை. அது திருப்பதி மைதானத்துக் கொட்டகையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா திருப்பதியில் விளையாட்டு விடுதியில் தங்கி டிராம்போலின் பழகினாள். இரும்புச் சட்டத்தைச் சுற்றி ஸ்பிரிங் மாட்டி, நடுவில் கித்தானை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன்மேல் எம்பி எம்பி, கூரை உயரத்தில் குட்டிக்கரணம் போட்டு, நடுவிலிருக்கும் சிவப்புக் குறியில் வந்து இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய், அவள் தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ளச் சட்டத்தோரம் கைகளை நீட்டியபடி நிற்பேன். ஓமக்குச்சி மாதிரி இருந்த நான் அவளைத் தாங்கி என்ன செய்திருப்பேனோ தெரியவில்லை. "மேல போனதும் ஒரு நொடி அப்டியே நின்னுக்கினு இருக்கும்டி. அதுக்குத்தான் இவ்ளோ பாடு" என்பாள். அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்த முகத்தை அவள் காட்டியதே இல்லை.

வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் தேர்வானால் திருமலைக்கு நடந்தே வந்து, மோகாள்ள மெட்டுச் செங்குத்துப் படிகளை இருவரும் முட்டிபோட்டு ஏறுவதாக. "கடல் தாண்டிப் போற பொண்ணு. பொறப்படறதுக்கு முன்னால வேண்டுதல முடிச்சிடணும்" என்று பிடிவாதம். கோச்சிடம் சொன்னால் விடமாட்டார் என்று அக்கா சொல்லவே இல்லை. அன்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா முன்னால், அக்கா பின்னால், ஓரமாக நடந்தபடி நான். பாதியில் ஒரு படியின் விளிம்பில் அக்காவின் வலது முட்டி இடித்தது. முகம் வெளுத்து நின்றாள். அம்மா திரும்பிப் பார்க்கவும் சிரித்துவிட்டு மிச்சப் படிகளையும் ஏறினாள்.

போட்டியில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீங்கிய முட்டிக்குத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஏறினாளாம். அத்தனை உயரம் அவள் அதற்குமுன் போனதே இல்லையாம். மூன்றாவது குட்டிக்கரணத்தில் கால் சிவப்புக் குறியில் சரியாகத்தான் பதிந்தது. முட்டி மடங்கிவிட்டது. ஓரத்தில் போய் விழுந்தாள், தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் நொண்டிக்கொண்டு இறங்கியவளைப் பார்த்து, "இன்னாடி ஆச்சி?" என்று அம்மா பதறினாள். "ஸ்பிரிங்கு அறுந்துட்ச்சிம்மா" என்றாள் அக்கா, யோசிக்காமல். என்னைத் தனியாக இழுத்து, "படியில ஏறுனதாலன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. நீ வாயத் தெறக்காத" என்றாள். அம்மா நம்புவதற்காகக் கொட்டகையிலிருந்து அந்த முறிந்த ஸ்பிரிங்கையும் கொண்டுவந்து கொடுத்தாள். முட்டிக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் மறுபடி குதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

ஆனால் அம்மா ஸ்பிரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழுதாள். "இது அறுந்தும் கழுத்து முறியாம வந்துட்டியே. பெருமாளுதான் காப்பாத்திக்கினாரு. அவருக்கு மறுபடியும் முட்டிபோட்டு ஏறுறோம்னு வேண்டிக்கினேன்" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லமாட்டாளா என்று மனம் அடித்துக்கொண்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள், சொல்லாதே என்று. "எப்பம்மா போறோம்?" என்று மட்டும் கேட்டாள். அதே படிகளில் அதே முட்டியை ஊன்றி ஏறினாள். அதற்குப் பிறகு அவள் கித்தான்மேல் கால் வைக்கவே இல்லை.

போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். சித்தூரிலிருந்து வந்த அக்காவால் தரையில் உட்கார முடியவில்லை. காரியம் முடியும்வரை நாற்காலியிலேயே இருந்தாள். வீட்டை ஒழுங்கு பண்ணும்போது அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறியப் போனேன். "இருக்கட்டும் விடு" என்றாள். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு மருமகள், ஊருக்குப் புதியவள், அதைப் பார்த்து, "இன்னாக்கா இது, சாமி படத்தாண்ட?" என்று கேட்டாள். இனிமேல் யாருக்காகப் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னாள்: "இந்தப் பாழாப்போன ஸ்பிரிங்குதாம்மா என்ன கவுத்துட்ச்சி."