துணி போர்த்திய பான்

ஹோரஸ் கிட்டன்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் கை தானாகத் தலைக்குப் போகும். இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு. நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கார்னிவல் திருவிழாவில், நல்ல கனமான கொய்யாக் கம்பால் அவன் போட்டது. குன்றின் மேலே அவனுடைய செங்கடல் வாத்தியக் குழு, கீழே எங்கள் இடிமுழக்கம். இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் வாசிப்பு நிற்கும், மண்டை உடையும். எங்கள் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அன்றைக்கு அதுதான் வழக்கம். அதற்குப் பிறகு அவன் என்னைக் கோணத்தலையன் என்றே கூப்பிட்டான். நானும் சும்மா விடவில்லை. அவனுக்குப் பூட்டு என்று பேர் வைத்தேன், அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

பொருத்தமான பேர்தான். பகலெல்லாம் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குவான். மிச்ச நேரத்தில் எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து, அடித்தகட்டைச் சுத்தியலால் குழித்து, சுரம் சுரமாகத் தட்டி, கோலால் வாசிக்கும் பான் என்ற வாத்தியம் செய்வான். என் பானில் பதினான்கு சுரம் இருந்தது. அவனுடையதில் இருபத்தைந்து. அத்தனையையும் அந்த ஒரு தகட்டுக்குள் எப்படி அடைத்தான் என்பதுதான் ஊருக்கே வயிற்றெரிச்சல். பானுக்கு மேல் எப்போதும் மாவுச் சாக்குத் துணி கிடக்கும். வாசித்தாலும் சுவரைப் பார்த்து நின்றுதான் வாசிப்பான், பின்னால் யாராவது நகர்ந்தால் கை நின்றுவிடும். கல்லுளிமங்கன்.

ஐம்பத்தொன்றில் லண்டனில் ஒரு விழாவுக்கு, குழுக்கள் பான் செய்து பழகும் முற்றங்களிலிருந்து, முற்றத்துக்கு ஒருவராகப் பத்துப் பேரைப் பொறுக்கி ஒரே குழுவாக அனுப்பினார்கள். செங்கடலிலிருந்து ஹோரஸ், இடிமுழக்கத்திலிருந்து நான். பீப்பாய் தட்டுகிற ரவுடிகள் என்று எங்களைக் காறித் துப்பிய அதே ஊர், துறைமுகத்தில் கூடிக் கைக்குட்டை ஆட்டியது. செங்கடல் தலைவர் காலிஸ்ட் மட்டும் கை ஆட்டவில்லை. எங்கள் எல்லார் காதிலும் விழும்படி ஹோரஸிடம் சொன்னார்: "உசிரே போனாலும் அந்தத் துணிய எடுக்கக் கூடாது. அது உன் பான் இல்ல, நம்ம முற்றத்துப் பான். புரியுதா?"

"புரியுது அண்ணே" என்றான் ஹோரஸ். அந்த முற்றத்தைத் தவிர அவனுக்கு வேறு வீடு வாசல் கிடையாது, படுப்பதே பான் கொட்டகையில்தான்.

லண்டன் போய்ச் சேர மூன்று நாள் இருக்கும்போது கடல் கொந்தளித்தது. கப்பலின் இரும்புக் கதவு அவன் வலது கையில் சாத்திக்கொண்டது. மூன்று விரல் முறிந்தது. டாக்டர் கட்டுப் போட்டு, ஒரு மாதம் கோலைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

லண்டன் போகும் எங்கள் பத்துப் பேர் குழுவை நடத்திய மிஸ்டர் அலேன் என்னைக் கூப்பிட்டார். "ஆல்வின், எல்லா மெட்டும் உன் காதுல இருக்கு. அவன் பான்ல நீதான் வாசிக்கணும். அது இல்லாம பாதிப் பாட்டு நிக்காது."

"அதுல எந்தச் சுரம் எங்க இருக்குன்னு கடவுளுக்கும் அவனுக்கும்தான் சார் தெரியும். அவன் காட்டுறதுக்குள்ள கடவுளே காட்டிருவாரு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். தழும்புக்குப் பதில் கிடைத்ததென்று இருந்தது. அவன் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் படுத்திருந்தான். மறுநாள் காலை என் அறைக்கு வந்தான், பானை இடது கையால் அணைத்துக்கொண்டு. கதவைச் சாத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"ஏண்டா கோணத்தலையா, கைய கழுவினியா?"

"நேத்தே கழுவிட்டேன்."

"திரும்பக் கழுவு."

கழுவிவிட்டு வந்தேன். துணி கட்டிலில் கிடந்தது. அவன் முகம் வேர்த்திருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஓரத்தில் ஒரு சுரத்தின் மேல் வைத்தான். "இது பெரிசு. இதோட மேல்சுரம் எங்கயும் ஓடல, உள்பக்கம் பாரு, இதோட மடியிலயே உக்காந்திருக்கு. எல்லாம் அப்படித்தான். தாய தொட்டா பிள்ள கிடைக்கும்." அவ்வளவுதான் அந்த ரகசியம். மூன்று வருஷம் நான் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான். தப்பாகத் தட்டினால் கட்டுப் போட்ட கையாலேயே என் முதுகில் ஒரு அடி வைத்தான். அவனுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும்.

லண்டனில் நான் வாசித்தேன். துருப்பிடித்த பீப்பாய்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது பாட்டில் எழுந்து நின்றார்கள். ஹோரஸ் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தான். நல்லவேளை, என் கைக்கு வேலை இருந்தது.

ஊர் திரும்பியதும் அவனோடு நானும் குன்றேறினேன். தனியாக விட மனசு வரவில்லை. முற்றத்தில் காலிஸ்ட் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். படத்தில் அந்தப் பானுக்கு மேல் குனிந்திருந்தது நான்.

"இது எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார். ஹோரஸ் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அவன் காய்ச்சல்ல கிடந்தப்ப துணிய எடுத்துப் பாத்துட்டேன் அண்ணே. திருடினேன். அவனுக்குத் தெரியாது." அடி விழும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஹோரஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொய் சொல்றான் அண்ணே. நான்தான் காட்டினேன். கையப் பிடிச்சுக் காட்டினேன்."

காலிஸ்ட் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு, "இந்த முற்றத்துல இனிமே உன் சுத்தி விழக் கூடாது" என்றார். ஹோரஸ் கொட்டகைக்குள் போய்ச் சுத்தியலையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

இறங்கும் வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு அடி வாங்கிட்டு நான் போயிருப்பேன். உனக்கு வீடாவது மிஞ்சியிருக்கும். நான் திருடினேன்னே இருந்துட்டுப் போகட்டும்னு வாய மூடிட்டு நிக்க வேண்டியதுதானே?"

அவன் சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நீ திருடினேன்னா, நான் குடுத்தது இல்லன்னு ஆயிடுமேடா" என்றான்.