சாமி இல்லாதவன் கையில் சீட்டு

சாமி இல்லை என்று துண்டறிக்கை அடித்துக் கொடுப்பது, அடைமழையில் கருவாடு காயப்போடுவது மாதிரியான தொழில். இதே தொழிலில் தொண்டை கட்டிப்போன தோழர்களுக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில், கூட்டம் போட மைக் தரவில்லை. அடுத்து, என் துண்டறிக்கையில் நெத்திலி மடித்தார்கள். அதற்கடுத்து, திருவிழா வரி கட்டவில்லை என்று என்னை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். எல்லாம் பொறுத்தேன். நாலாவதாக, எல்லம்மாவின் பாடு உரிமையைப் பறித்தார்கள். ஏரியில் யார் எங்கே வலை கட்டலாம் என்று பேர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வருகிற வரிசைப்படி இடம் தருவதற்குத்தான் இங்கே பாடு என்று பெயர். அது ஆண்களுக்கு மட்டுமாம். புருஷன் கடலோடு போனதும், அவள் பேரைக் குலுக்கலில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். இதைப் பொறுக்க முடியாமல் ஆதரவு திரட்டக் கிளம்பினேன். பழக்கதோஷம், கூடவே பிரச்சாரமும்.

எலுமிச்சம்பழம்

முதலில் எல்லம்மாவின் தம்பி குமாரைப் பிடித்தேன். பாடு கிடைத்தால் அக்காவுக்காக வலை கட்டப்போகிறவன் அவன்தான். படகு என்ஜினில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தான். ஏரிக்குள் போகிற நாளில் கட்டமாட்டான். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற நாளில் மறக்கமாட்டான். "நேற்றுத்தானே என்ஜினைப் பழுது பார்த்தாய், பழம் எதற்கு?" என்று மடக்கினேன்.

"என்ஜினுக்கு மெக்கானிக் கீறான் பெருசு. காத்துக்கு யார் கீறா? நீ வர்றியா?"

வெள்ளிக்கிழமை

எல்லம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் எதிரே உட்கார்ந்து தன் குறையைச் சொல்லுவாள். "கல்லுக்குக் காது உண்டா அம்மா?" என்றேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள்.

"இருக்குதோ இல்லியோ ணா, பஞ்சாயத்துல வாயத் தொறந்ததும் 'போதும், உக்காரு'ன்னாங்க. இவ ஒருநாளும் அப்டி சொன்னதில்ல."

யாரைத் திட்டுவது

குலுக்கலையாவது கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள் என்று ஊர்த்தலைவர் தேசப்பனிடம் வாதாடினேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். என்னைவிட மனிதர்களை அதிகம் படித்தவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

"கோயில் வாசல்ல எடுத்தா, மோசமான எடம் வந்தவன் அம்மனத் திட்டிட்டுப் பூடுவான். இஸ்கூல்ல எடுத்தா என் வூட்டாண்ட வந்து திட்டுவான். உனக்கின்னாபா?"

ஊர்க்கூட்டம்

சாமி உண்டா இல்லையா என்பதை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவைத்தேன். "பொம்பளை பேர் எழுதின சீட்டு வேண்டாம் என்று அம்மன் யாரிடம் சொன்னாள்?" என்று கேட்டேன். ஆண்கள் என்னை முறைத்தார்கள். மீன் விற்கிற பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அம்மன் மட்டும் இன்னா நைனா, ஆம்பளயா?" கூட்டமே சிரித்துவிட்டது. சிரித்தபிறகு முறைக்க முடியுமா? எல்லம்மா பேரையும் எழுதச் சொன்னார் தேசப்பன். பூசாரி படித்தால் சந்தேகம், பங்காளி படித்தால் சண்டை. கடைசியில் என்னைக் கைகாட்டினார்.

"இவன் படிக்கட்டும். சாமியே இல்லன்றவன், சாமி பேரச் சொல்லி ஏமாத்தமாட்டான்."

குடம்

பூசாரி குடத்திலிருந்து சீட்டு எடுத்துத் தர, ஒவ்வொரு பேராகப் படித்தேன். குடம் காலியாகிக்கொண்டே வந்தது. எல்லம்மா பேர் மட்டும் வரவில்லை. போடாமலே ஏமாற்றிவிட்டார்களோ என்று குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கடைசிச் சீட்டைப் பிரித்தேன். எனக்குள்ளேயே ஒருமுறை படித்துக்கொண்டேன்.

"இன்னா பெருசு, மைக் இல்லாம படிக்க மாட்டியா? சத்தமா சொல்லு!" என்று கத்தினான் குமார்.

இத்தனை காலம் தொண்டை வற்றியும் ஒருவருடைய நம்பிக்கையையும் அசைக்க முடியாத நான், என் அவநம்பிக்கையை மட்டும் ஊர் முழுக்க நம்பவைத்துவிட்ட பெருமையோடு, அம்மன் வாசலில், அத்தனை பேர் சாட்சியாக உரக்கப் படித்தேன்: "எல்லம்மா!"